பெண்ணெலியின் மெய்ப்பாடுகள்

உள்ளத்தில் நிகழ்வது உடம்பின் வழியாகப் புறத்தே புலப்படுதலை மெய்ப்பாடு என்று வழங்கினர் நம் முன்னோர். தொல்காப்பியர் அதற்கென ஓரியலே வகுத்து, மெய்ப்பாடுகள் எட்டென எண்ணிக் காட்டினார். அவர் கருதியது மக்களையும் மக்கள் வாழ்வைப் பாடும் செய்யுளையுமே. ஆயினும், மெய்ப்பாட்டை அறிய வேண்டிய தேவை மக்களிடத்திலும் பார்க்க வாய்பேசா உயிர்களிடத்திலேயே பெரிதென்பது சிறிது சிந்திப்பார்க்குப் புலனாகும். அஞ்சிய மனிதன் தான் அஞ்சியதை எடுத்துச் சொல்லலாம். நோயுற்றவன் நோவுள்ள இடத்தைத் தொட்டுக் காட்டலாம். விலங்குக்கோ உடம்பையன்றி வேறு நா இல்லை. அந்த நா கூறுவதற்குப் பிழைபடப் பொருள் கொண்டால், துன்பத்தை அமைதியென்றும் இயல்பை நோயென்றும் மயங்குவோம். அம்மயக்கம் வளர்ப்பவனுக்குச் சிறியதாகலாம். வளர்க்கப்படும் உயிர்க்கு அது வாழ்வா சாவா என்பதாக முடிதலும் உண்டு.

இதனை விளக்குவதற்கு எலியை, அதிலும் வளர்ப்புப் பெண்ணெலியை எடுத்துக்கொண்டது சிலர்க்கு நகைப்பை விளைத்தல் கூடும். எலியென்றதும் நெல்மூட்டையும் பொறியும் நஞ்சுமே நம்மவர்க்கு நினைவு வரும். மூஷிக வாகனரை நாள்தோறும் வணங்கும் நாம் மூஷிகத்தை ஒருபோதும் மதித்ததில்லை. அவ்வாகனம் மூஞ்சூறு என்பாரும் பெருச்சாளி என்பாரும் உளர். மூஞ்சூறு பூச்சிகளைத் தின்னும் வேறோர் இனத்தைச் சேர்ந்ததாகலின், விலங்கியலார் கண்ணில் அஃது எலியே அன்று. பெருச்சாளியோ எலியின் நெருங்கிய உறவு. இவ்வழக்கைப் புராணம் வல்லார் தீர்ப்பாராக. யாம் ஈண்டுக் கூறப் புகுவது வேறோர் எலியைப் பற்றியது. நம் வீட்டு முகட்டில் இரவெல்லாம் ஓடித் திரிவது கறுப்பெலி. மேனாட்டு இல்லங்களிலே கூட்டில் வைத்து வளர்க்கப்படுவது கபில நிறத்து எலியினின்றும் தோன்றிய வளர்ப்பினமாகும். இதனை நோர்வே எலியென்று பெயரிட்டு வழங்கினும் நோர்வே நாடு இதன் தாயகமன்று. வடசீனம், மொங்கோலியா ஆகிய பகுதிகளிலிருந்தே இது உலகெங்கும் பரவிற்று.

இவ்வெலி வீட்டு விலங்கான வரலாறு வியப்பானது. பத்தொன்பதாம் நூற்றாண்டு இலண்டன் நகரிலே, எலிகளைக் குழியில் விட்டு நாய்களை ஏவிக் கொல்வித்துப் பந்தயம் கட்டும் கொடிய விளையாட்டு ஒன்று நிலவியது. அதற்காக எலிகள் பெருந்தொகையாகப் பிடிக்கப்பட்டன. பிடிபட்டவற்றுள் வெண்மையும் புள்ளியுமாகப் பிறந்த சில அரிய எலிகளை ஜாக் பிளாக் என்னும் எலிபிடிகாரர் கொல்லாது ஒதுக்கி வைத்து, இனம் பெருக்கி, வளர்ப்பார்க்கு விற்றார். தம்மை விக்டோரியா மகாராணியாரின் எலிபிடிகாரர் என்று கூறிக்கொண்ட இவரைப் பற்றி ஹென்றி மேஹியூ என்பார், இலண்டன் ஏழைத் தொழிலாளரைக் குறித்து 1851ஆம் ஆண்டளவில் எழுதிய நூலில் விரிவாகக் குறித்துள்ளார். 1901ஆம் ஆண்டில் மேரி டக்ளஸ் என்னும் பெண்மணியின் முயற்சியால், எயில்ஸ்பெரி என்னும் ஊரில் நடைபெற்ற கண்காட்சியொன்றில் எலிகளும் இடம்பெற்றன. சிறுவர் கதைகளாற் புகழ்பெற்ற பீற்றிக்ஸ் பொற்றர் அம்மையார், 1908இல் வெளியிட்ட தம் கதைநூலொன்றை இறந்துபோன தம் வளர்ப்பெலியின் நினைவுக்கே உரிமையாக்கினார். அக்காலத்திலேயே, 1906ஆம் ஆண்டில், அமெரிக்காவின் பிலடெல்பியா நகரத்து விஸ்ரார் நிறுவனம் வெள்ளை எலிகளை ஒரே சீராகப் பெருக்கி ஆராய்ச்சிக்கு உதவத் தொடங்கிற்று. கூட்டில் வளரும் எலியும் ஆய்வுகூடத்து எலியும் ஓரினத்தனவே. ஆகையால் ஆய்வுகூடத்திற் கண்டவை வீட்டில் வளர்ப்பார்க்கும் பெரும்பாலும் பொருந்துவனவாம்.

ஆணும் பெண்ணும் ஓரினமாயினும் இயல்பால் ஒன்றல்ல. வயதுவந்த ஆணெலி உடல் பருத்து, மடியில் ஏறினால் அங்கேயே கிடந்து உறங்கும் இயல்பினது. பெண்ணெலி மெலிந்த உடலினது, ஓரிடத்தில் இராது. திறந்த களமொன்றில் இரண்டையும் தனித்தனியே விட்டுப் பார்த்தால், பெண்ணெலி மிகுதியாக ஓடி மூலைமுடுக்கெல்லாம் ஆராய்வதையும், ஆணெலி ஓரத்தில் ஒதுங்கி நிற்பதையும் காணலாம். இதை அறியாதவர், கையில் எடுத்ததும் நழுவி ஓடும் பெண்ணெலியைக் கண்டு, ‘இது என்னை வெறுக்கின்றது’ என்று மனம் வருந்துவர். அது வெறுப்பன்று. ஓடிப் போவதும், சற்றுநேரத்தில் மீண்டு வந்து கையை மோந்து பார்த்துத் திரும்ப ஓடுவதும் அதன் நட்பு முறை. திரும்பி வருகின்றதா என்பதையே பார்த்தல் வேண்டும். மாலை மங்கிய பின்னரும் விடியுமுன்னரும் அது சுறுசுறுப்படையும். நண்பகலில் எழுப்பி விளையாட அழைத்துவிட்டு அதன் குணத்தைப் பழித்தல் முறையன்று.

பெண்ணெலியின் நடத்தையை அறிவதற்குத் திறவுகோலாயிருப்பது அதன் மதச்சக்கரம். நான்கு அல்லது ஐந்து நாட்களுக்கு ஒருமுறை அது மதநிலையை அடைகின்றது. ஆணெலி அருகில் இல்லாவிடினும் இது நிகழும். கலிபோர்ணியாப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த லோங், எவன்ஸ் என்னும் இருவர் 1922இல் வெளியிட்ட நூலிலே இச்சக்கரத்தின் படிகளை முதன்முதல் செவ்வனே வரையறுத்தனர். அடுத்த ஆண்டிலே வாங் என்னும் ஆய்வாளர், சுழலும் சில்லுப் பொருத்திய கூடுகளிற் பெண்ணெலிகளை வைத்து, ஒவ்வொன்றும் நாள்தோறும் எத்தனை சுற்று ஓடுகின்றது என்று கணக்கெடுத்தார். மூன்று நாட்கள் அளவாக ஓடிய எலி நான்காம் நாளிரவில் அடங்காது பல கிலோமீற்றர் தூரம் ஓடிற்று. பின்பு மீண்டும் மூன்று நாட்கள் அடங்கிற்று. அவ்வோட்ட மிகுதி மதநிலையோடு ஒத்து வந்தது. வளர்ப்பவர் ‘இன்றைக்கு இதற்கு என்ன பிடித்தது?’ என்று திகைக்கும் இரவுகள் பெரும்பாலும் அந்த நான்காம் இரவுகளே.

மதநிலை மாலைப்பொழுதிற் தொடங்கி ஏறக்குறைய அரைநாள் நீடிக்கும். அதன் அடையாளங்கள் முன்பின் கண்டிராதவரை அச்சுறுத்தத் தக்கன. எலி சடுதியாக அம்பு போற் பாய்ந்து ஓடித் திடீரென நின்றுவிடும். துள்ளித் துள்ளி நடக்கும். தலையை மிக விரைவாக அசைப்பதனால் காதுகள் இரண்டும் நடுங்குவன போலத் தோன்றும். முதுகை மெல்லத் தொட்டால் தலையையும் பின்புறத்தையும் உயர்த்தி, நடுமுதுகைத் தாழ்த்தி, வாலை ஒருபுறம் ஒதுக்கி, அசைவற்று நிற்கும். இதனை வலிப்பு என்றும், முதுகெலும்பில் நோவு என்றும், காதிற் பூச்சி புகுந்தது என்றும் எண்ணி மருந்து தேடி அலைவார் உளர். இஃது எதுவுமன்று, சூலகத்து ஓமோன்கள் உடம்பை ஆட்டுவிக்கும் சிலமணிநேரக் கூத்து. விடிந்தபின் அதன் சுவடும் இராது. ஆனால் ஒன்றை உறுதியாக நினைவிற் கொள்ளல் வேண்டும். எலிக்கு மாதவிடாய் போன்ற உதிரப்போக்கு இல்லை. பெண்ணெலியின் பெண்குறியிலிருந்து குருதி வடிந்தால் அதனை மதநிலையென்று கருதி வாளாவிருத்தல் பெரும்பிழையாகும். கருப்பையிற் கட்டியோ கிருமித்தொற்றோ கருச்சிதைவோ இருத்தல் கூடுமாதலின், விலங்கு மருத்துவரிடம் உடனே கொண்டுசெல்லல் வேண்டும். இயல்பைக் கண்டு அஞ்சுவதும், அஞ்சவேண்டியதை இயல்பென்று விடுவதும் ஒரே அறியாமையின் இருமுகங்கள்.

இனி முகத்தின் குறிகளை நோக்குவோம். மனமகிழ்ந்த எலி தன் வெட்டும் பற்களை ஒன்றோடொன்று உரைத்து மெல்லிய நறநறவென்ற ஒலியை எழுப்பும். அவ்வேளையிற் கண்கள் வெளியே பிதுங்குவதும் உள்ளே செல்வதுமாகத் துடிக்கும். முதன்முறை காண்பவர் கண் கழன்று விழப்போகின்றது என்றே அஞ்சுவர். இதன் காரணம் எளிது. கொறிக்கும் விலங்குகளில், தாடையை அசைக்கும் தசையின் ஒருபகுதி கண்குழியை அடுத்துச் செல்கின்றது. பற்களை விரைந்து உரைக்கும்போது அத்தசை சுருங்கி விரிவதனாற் கண்ணும் உடன் அசைகின்றது. தடவிக்கொடுக்கும் கையின் கீழ்க் கண் துடிக்கும் எலி பெரும்பாலும் உவகையிலேயே இருக்கின்றது. பெரும்பாலும் என்றது ஒரு காரணம் பற்றியே. ஓயாது வளரும் வெட்டும் பற்களைத் தேய்த்து அளவுபடுத்துவதற்கும் எலி பல்லை உரைக்கும். நோவிலும் கலக்கத்திலும் தன்னைத் தான் தேற்றிக்கொள்வதற்கும் அவ்வாறு செய்யும். மனிதன் கண்ணீர் துயரத்துக்கும் உண்டு, உவகைக்கும் உண்டு அன்றோ? ஆகவே ஒரு குறியைத் தனித்துப் பார்த்துத் தீர்ப்புச் சொல்லாது, உடம்பின் நிலையையும் இடத்தையும் உடன்வைத்து நோக்குதல் வேண்டும். உடம்பு தளர்ந்து விரிந்து, காதுகள் பக்கவாட்டில் தளர்ந்திருப்பின் அஃது உவகை. உடம்பு கூனி உரோமம் சிலிர்த்திருப்பின் அது நோவு.

காதுகளைப் பற்றிச் சுவிற்சர்லாந்து தேசத்துப் பேண் நகர ஆய்வாளர் 2016இல் வெளியிட்ட செய்தி சுவையானது. அவர்கள் எலிகளைக் கையினாற் கூச்சங் காட்டி விளையாடியபின் முகங்களைப் படம்பிடித்து ஒப்பிட்டபோது, மகிழ்ந்த எலியின் காதுகள் கூடுதலான இளஞ்சிவப்பு நிறமுற்றும், முன்னோக்கி விறைத்து நில்லாது பக்கவாட்டில் தளர்ந்தும் இருக்கக் கண்டனர். நோவின் குறிகளை 2011ஆம் ஆண்டிற் கனடா தேசத்து ஆய்வாளர் வகுத்திருந்தனர்: கண்கள் இடுங்குதல், மூக்கும் கன்னமும் மேடழிந்து தட்டையாதல், காதுகள் சுருண்டு கூராதல், மீசைமயிர் விறைத்து ஒன்றுசேர்தல் என்பன அவை. உறங்கும் எலியின் கண்ணும் இடுங்கியே தோன்றுமாதலின், எலி விழித்திருக்கும் வேளையிலேயே இவற்றைப் பார்த்தல் வேண்டும்.

மீசைமயிர்களே எலியின் விரல்கள் எனலாம். எதையேனும் ஆராயும்போது அவை செக்கனுக்கு ஏழெட்டு முறை முன்னும் பின்னும் துடிக்கும். எலியின் கண்பார்வை கூர்மையற்றது. செங்கண் வெள்ளை எலிக்கு அது மேலும் மங்கலானது. அத்தகைய எலி ஓரிடத்தில் நின்று தலையை இடமும் வலமுமாக ஆட்டுவதைக் காணலாம். பொருளின் தூரத்தை மட்டிடும் உபாயம் அது; பித்தன்று. கண்ணோரத்திலும் மூக்கிலும் செந்நிறக் கறை காணப்படின் குருதியென்று அஞ்சற்க. கண்குழியிலுள்ள சுரப்பியொன்று செந்நிறப் பொருள் கலந்த நீரைச் சுரக்கின்றது. நலமுள்ள எலி அதனை முன்கால்களாற் துடைத்துவிடும். துடைக்காது விட்டுக் கறை தங்குமாயின், எலி நோயினாலோ மன அழுத்தத்தினாலோ தன்னைப் பேணும் ஊக்கம் இழந்திருக்கின்றது என்பது பொருள். குருதியன்று என்று அறிந்தவர் அதனாலேயே அதைப் பொருட்படுத்தாது விடுவதையும் காண்கின்றோம். அரைகுறை அறிவின் தீங்கு அது.

எலியின் ஒலிகளைப் பற்றிக் கூறுமிடத்து நம் செவியின் எளிமையை ஒத்துக்கொள்ள வேண்டியிருக்கின்றது. மனிதச் செவி செக்கனுக்கு 20,000 அதிர்வுகளுக்கு மேற்பட்ட ஒலியை உணராது. எலிகளோ தம்முட் பேசுவது பெரும்பாலும் அதற்கு மேலேதான். அவை இவ்வாறு ஒலிக்கின்றன என்பது 1954ஆம் ஆண்டிலேயே வெளியாயிற்று. அச்சமும் துயரமும் உற்ற எலி செக்கனுக்கு ஏறத்தாழ 22,000 அதிர்வுள்ள நீண்ட ஒலியை எழுப்புகின்றது. விளையாட்டிலும் எதிர்பார்ப்பிலும் ஏறத்தாழ 50,000 அதிர்வுள்ள குறுகிய ஒலிகளைச் சிதறுகின்றது. அமெரிக்காவின் ஒகையோ மாநிலத்திற் பணியாற்றிய யாக் பங்செப் என்னும் பேராசிரியர், வௌவாலின் ஒலியைக் கேட்பதற்கென அமைந்த கருவியை வைத்துக்கொண்டு இளம் எலிகளின் கழுத்திலும் வயிற்றிலும் கூச்சங் காட்டியபோது, அக்குறுகிய ஒலிகள் மழைபோற் பொழியக் கேட்டார். கூச்சம் காட்டிய கையை எலிகள் பின்தொடர்ந்து ஓடி மேலும் விளையாட அழைத்தன. இதனை எலியின் நகை என்றே அவர் பெயரிட்டார். சக ஆய்வாளர் பலர் முதலில் அவரை நகைத்தனர். 2016இல் பேளின் நகர ஆய்வாளர் இருவர் இதனை மேலும் ஆராய்ந்தபோது, உயர்ந்த மேடையொன்றில் நிறுத்தி அச்சமூட்டப்பட்ட எலி அதே கூச்சத்துக்கு அவ்வொலியைப் பெரிதும் அடக்கிக்கொண்டது கண்டனர். கூச்சம் தோலில் மாத்திரம் நிகழ்வதன்று, உள்ளத்தின் நிலையையும் பொறுத்தது என்பது இதனாற் புலனாகின்றது.

ஆகவே, கூட்டிலிருந்து ஒலியொன்றும் கேட்கவில்லை என்பதை அமைதிக்குச் சான்றாகக் கொள்ளலாகாது. நம் செவிக்குக் கேட்கும் கீச்சொலியோ பெரும்பாலும் ‘என்னை விடு’ என்னும் முறையீடு; அதனை ஒவ்வொரு முறையும் நோவென்று கொள்ள வேண்டுவதில்லை. ஆனால் மூச்சுவிடும்போது கறகறப்பும் சொடுக்கொலியும் கேட்டால் அது பேச்சன்று, நுரையீரல் நோய். வளர்ப்பெலிகளிடையே அஃது ஓயாது காணப்படுவதொன்று.

எலி தனித்து வாழ்வதற்குப் பிறந்ததன்று. குறைந்தது இரண்டு பெண்ணெலிகளை ஒருங்கே வளர்த்தல் வேண்டும். மனிதன் எவ்வளவு அன்பு காட்டினும் பிறிதோர் எலி செய்வதைச் செய்தல் அவனால் இயலாது. ஒன்று மற்றொன்றின் வயிற்றுக்குக் கீழே நுழைந்து செல்வதும், மேலே ஏறி நடப்பதும், கழுத்துமயிரைப் பல்லினாற் கோதிவிடுவதும் நட்பின் குறிகள். 1963இல் எலியின் நடத்தை பற்றி நூலெழுதிய பாணெற் என்னும் விலங்கியலறிஞர் முற்கூறிய இரண்டையும் நட்புச் செயல்கள் என்றே வகைப்படுத்தினார். ஒன்றின் வாயை மற்றொன்று மோந்து பார்ப்பது, அது எதை உண்டதென்று அறிதற்கு. தோழி உண்டு நலமாயிருக்கும் உணவையே மற்றதும் நம்பி உண்ணும். எலிக்கு வாந்தி எடுக்க இயலாதாகலின் இவ்விழிப்பு அதற்கு உயிர்க்காவல்.

விளையாட்டுக்கும் சண்டைக்கும் உள்ள வேறுபாட்டை அறியாது பதறுவோர் பலர். இரண்டும் முதற்பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும்: துரத்தல், மல்லாத்தல், பின்னங்காலில் நின்று கைகளாற் தள்ளல். கனடாவைச் சேர்ந்த பெல்லிஸ் தம்பதியர் நெடுங்காலம் ஆராய்ந்து எளியதொரு வேற்றுமையைக் காட்டினர். விளையாடும் எலி மற்றதன் பிடரியைக் குறிவைத்து அங்கே மூக்கினாற் துழாவும்; உண்மையிற் சண்டையிடும் எலி பின்புறத்தையும் விலாவையும் குறிவைத்துக் கடிக்கும். ஆதலால் வாய் எங்கே செல்கின்றது என்று பார்த்தால் நோக்கம் விளங்கும். உரோமம் சிலிர்த்து, முதுகை வளைத்து, நண்டுபோற் பக்கவாட்டில் நெருங்கி வந்து இடித்தல் வெகுளியின் குறி. வாலின் நுனி பாம்புபோல் நெளிந்து ஆடுமாயின் உள்ளே கிளர்ச்சி மிக்கிருக்கின்றது; அவ்வேளையிற் கைகொடுத்தல் நன்றன்று. குருதி சிந்தாதவரை பெண்ணெலிகளின் பூசலில் மனிதன் தலையிடாதிருத்தலே நலம். அவற்றின் முதன்மைப் போட்டி ஆணெலிகளினதைப் போலக் கொடியதன்று. ஒருகால் அமைதியான பெண்ணெலி கடும்போர் தொடுக்குமாயின், அது குட்டி ஈன்றிருக்கின்றதா என்று பார்க்க. 21 முதல் 23 நாட்களிற் கருவுயிர்க்கும் அவ்வெலி, தன் குட்டிகளைக் காப்பதற்குத் தன்னிலும் பெரிய ஆணெலியையும் துரத்தும். பழகிய கையையும் கடிக்கும். அக்கடிக்காக அதனை வைதல் வேண்டா.

இனி அச்சத்துக்கு வருவோம். எலியின் அச்சத்தை அளப்பதற்கு ஆய்வாளர் பலகாலமாகக் கையாண்ட குறி ஒன்றே: அஞ்சிய எலி அசையாது உறைந்து நிற்கும் என்பது. எத்தனை செக்கன் உறைந்து நின்றது என்று எண்ணி, அவ்வெண்ணையே அச்சத்தின் அளவாகக் கொண்டனர். அவ்வளவுகோல் பெரும்பாலும் ஆணெலிகளைக் கொண்டே அமைக்கப்பட்டதாகும். பெண்ணெலிகளை வைத்துப் பார்த்தபோது அவை குறைவாகவே உறைந்து நின்றன. அதனால் அவை கற்றதைச் சரியாக நினைவில் வைக்கவில்லை என்றோ, அச்சம் குறைந்தவை என்றோ கருதுவதற்கு இடமாயிற்று. அமெரிக்காவின் பொஸ்ரன் நகரத்தில் றெபெக்கா சான்ஸ்கி என்பவரின் ஆய்வுகூடத்தார் 2015இல் வெளியிட்ட கட்டுரை இதற்கு மாறானதொன்றைக் காட்டிற்று. துன்பத்தை முன்னறிவிக்கும் ஒலியைக் கேட்ட பெண்ணெலிகளுள்ளே கணிசமானவை உறைந்து நில்லாது, திடீரென்று பாய்ந்து ஓடின. ஆணெலிகளிடம் இது மிக அரிது. ஓடியவை அஞ்சாதவை அல்ல, அஞ்சியதனாலேயே ஓடின. அவற்றின் அச்சம் கண்முன்னே ஓடிக்கொண்டிருந்தது. பார்ப்பவர் கையிலிருந்த அட்டவணையில் அதற்கு ஓர் இடம் இருக்கவில்லை.

பெண்ணெலியை ஆய்வினின்றும் ஒதுக்கி வைத்ததற்குக் கூறப்பட்ட காரணம் முற்கூறிய மதச்சக்கரமே. நான்கு நாட்களுக்கு ஒருமுறை மாறும் உயிரைக் கொண்டு எதைத்தான் திட்டமாக அளப்பது என்பது வாதம். 2009ஆம் ஆண்டு வெளியான விலங்காய்வுகளை இருவர் எண்ணிப் பார்த்தபோது, நரம்பியல் துறையிலே ஆணை மாத்திரம் கொண்டு நடந்த ஆய்வுகள் பெண்ணை மாத்திரம் கொண்டவற்றிலும் ஐந்து மடங்குக்கு மேலாயிருந்தன. அந்த வாதமாவது மெய்யோ என்றால் அதுவுமில்லை. 2016இற் பல ஆய்வுகளின் தரவுகளைத் திரட்டி ஒப்பிட்டபோது, ஆணெலிகளிடையே காணப்படும் வேறுபாட்டிலும் பெண்ணெலிகளிடையே காணப்படும் வேறுபாடு மிகையன்று என்பது தெளிவாயிற்று. சில்லில் ஓடுவதை அளந்தால் நான்காம் இரவு தனித்துத் தோன்றும் என்பது உண்மையே. அதுகொண்டு எல்லாவற்றிலும் பெண்ணெலி நிலையற்றது என முடிவுகட்டியது அளவையன்று, வெறும் வழக்கு. மனிதப் பெண்ணைப் பற்றியும் இவ்வகை வழக்குகள் உலகில் உலவுவதை வாசகர் அறியாதவரல்லர்.

சிக்காகோ நகரத்தில் 2011இல் வெளியான ஓராய்வையும் குறிப்பிடல் வேண்டும். ஒடுங்கிய குழாயொன்றில் ஓரெலியை அடைத்து, அதன் கூட்டாளியை வெளியே விட்டனர். குழாயின் கதவை வெளியிலிருந்து மூக்கினாற் தள்ளினாற் திறக்கலாம். ஆனால் எவரும் அதைக் கற்பிக்கவில்லை. சில நாட்கள் முயன்று வெளியிலிருந்த எலிகளிற் பெரும்பாலானவை கதவைத் திறக்கக் கற்றுக்கொண்டன. ஆணெலிகள் 24இல் 17 திறந்தன. பெண்ணெலிகள் ஆறில் ஆறும் திறந்தன. சொக்கலேற்று அடைத்த குழாய் ஒன்றையும் பக்கத்தில் வைத்தபோது, இரண்டையும் திறந்து, பல வேளைகளில் இனிப்பிற் பங்கையும் விடுவித்ததற்கு விட்டு வைத்தன. ஆறு என்பது சிறிய தொகை. அதன்மேற் பெரிய கோபுரம் கட்டலாகாது. எனினும், தனியே அடைக்கப்பட்ட தோழியைக் கண்ட எலியின் பதைப்பு மெய்யென்பதில் ஐயமில்லை. எலியைத் தனியே வளர்க்கலாமா என்று கேட்பவர்க்கு இதுவே விடையாகும்.

தாயெலியின் நடத்தையிலும் கற்க வேண்டியது உண்டு. கனடாவின் மொன்றியல் நகரத்து மைக்கல் மீனி குழுவினர் 1997இற் காட்டியது யாதெனின், குட்டிகளை மிகுதியாக நக்கிக் கோதிய தாயரின் மக்கள் வளர்ந்தபின் இடர்வந்த வேளையிற் குறைவாகவே கலங்கின என்பதாம். ஆகவே, வாங்கிவந்த எலி அளவுக்கு மிஞ்சி அஞ்சுமாயின், அதன் வரலாறு நம் கைக்கு வருமுன்னே எழுதப்பட்டது என்பதை நினைத்துப் பொறுத்தல் வேண்டும். மேலிருந்து கையை இறக்கி அதனைப் பற்றுதல் பருந்து பாய்வதை ஒக்கும். எலியின் இரு கண்களும் எப்பொழுதும் தலைக்கு மேலுள்ள வெளியைக் காவல் செய்யும் வகையில் அசைகின்றன என்று 2013இற் கண்டறிந்துள்ளனர். கையைத் தரையோடு வைத்து, அது வந்து மோந்து, மீசையால் தடவி, தானே ஏறும்வரை காத்திருத்தலே முறை. காத்திருப்பது சில வேளை வாரக்கணக்காகும்.

இவ்வளவும் படித்த இளைஞர் எவரேனும் முகட்டெலியைப் பிடித்து வளர்க்க முற்படாதிருப்பாராக. காட்டு எலியும் வீட்டு முகட்டெலியும் எலிக்காய்ச்சல் முதலிய நோய்களைப் பரப்புவன. தலைமுறை தலைமுறையாகக் கூட்டில் வளர்ந்த எலியிடமும் கைகழுவாமல் உணவுண்ணல் ஆகாது. 2017இல் அமெரிக்காவில் வளர்ப்பெலிகளிடமிருந்தே மனிதர்க்கு ஒருவகை வைரசு நோய் பரவியதுண்டு.

எலியின் வாணாள் இரண்டு அல்லது மூன்று ஆண்டுகளே. ஒன்றரை வயதை அணுகும்போது பெண்ணெலியின் மதச்சக்கரம் ஒழுங்கு கெட்டு மெல்ல நின்றுபோகும். நான்காம் இரவின் ஓட்டமும் அடங்கும். வளர்ப்பவர் மிக விழிப்பாயிருக்க வேண்டிய காலம் இதுவே. பெண்ணெலிக்குப் பன்னிரண்டு முலைகள் உள. பாற்சுரப்பியின் இழையம் கழுத்திலிருந்து தொடையிடுக்கு வரை பரந்து கிடப்பதனால், அக்குளிலோ கழுத்தடியிலோ தோன்றும் கட்டியும் பெரும்பாலும் முலைக்கட்டியே. பெண்ணெலிகளில் இது மிகப் பரவலாகக் காணப்படுகின்றது. அக்கட்டிகளிற் பல பரவாத இயல்பின. சிறிதாயிருக்கும்போது அறுத்து நீக்கல் எளிது. விட்டால் எலியின் உடலளவுக்கு வளர்ந்து நடையையே தடுக்கும். இளமையிலே சூலகத்தை அகற்றிவிட்டால் இந்நோய் வருதல் பெரிதும் குறையும்.

கட்டியினுங் கொடியது எலி தன் நோவை மறைத்தல். இரையாகப் பிறந்த விலங்கு தளர்ச்சியைக் காட்டினால் முதலிற் பிடிபடும்; ஆகையால் நலிந்த எலியும் உணவு கண்டால் ஓடி வரும். ஓடி வந்ததை எடுத்துச் சென்று மூலையில் வைத்துவிட்டு உண்ணாதிருக்கும். வளர்ப்பவர் கூட்டைத் திறந்தபோது கண்டது ஓட்டத்தையே. ஆதலால் வாரந்தோறும் எலியை நிறுத்துப் பார்த்து நிறையைக் குறித்து வைத்தல் வேண்டும்; தடவிக்கொடுக்கும் சாக்கில் விரல்களைக் கழுத்தடியிலிருந்து தொடைவரை மெல்லச் செலுத்திப் பார்த்தல் வேண்டும். கண்ணோரத்துச் செங்கறை, முதுகின் உரோமக் கலைவு, முன்கால்களால் உணவைப் பற்றமுடியாமை, தோழிகளை விட்டு ஒதுங்கி உறங்கல் ஆகியவற்றுள் யாதேனும் ஒன்று காணப்படின் மறுநாள் வரை பொறுத்தலாகாது. இரண்டாண்டு வாழும் உயிர்க்கு ஒருநாள் என்பது நம் கணக்கில் ஒருமாதத்துக்கு மேலாகும்.